மேற்கோள் எண்ணிக்கை எதை அளக்கிறது?

மருத்துவ ஆராய்ச்சியாளரின் தகுதியை, அவருடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்று எண்ணி முடிவு செய்யும் வழக்கம் வேரூன்றிவிட்டது. எண் கிடைத்தால் அளவீடு ஆகிவிடுமா?

அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் பணியாற்றிய ஆலிவர் லௌரியை எடுத்துக்கொள்வோம். 1951இல் அவரும் வேறு மூவரும் வெளியிட்ட கட்டுரை, கரைசலில் உள்ள புரதத்தை அளக்கும் முறையைக் கூறுகிறது. காரக் கரைசலில் தாமிரம் புரதத்துடன் சேர்கிறது. பின் ஃபோலின் வினைபொருளை விட்டால் நீல நிறம் தோன்றுகிறது. நிறம் அடர்ந்தால் புரதம் அதிகம். ஏறக்குறைய ஒரு சமையல் குறிப்புத்தான். ஆயினும் 2014இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்ட பட்டியலில், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களுடன் முதலிடம் அதற்கே! டி.என்.ஏ.யின் அமைப்பை விளக்கிய வாட்சன், கிரிக் கட்டுரை (1953) முதல் நூறில்கூட இல்லை.

புரதத்தை அளந்தவரெல்லாம் கையாண்ட முறையைக் குறிப்பிட்டாக வேண்டும். பாடநூலில் ஏறிவிட்ட உண்மைக்கோ எவரும் மேற்கோள் தருவதில்லை. (நியூட்டன் விதியை எழுதுகையில் மூலநூலையா குறிக்கிறோம்?)

இக்குறையை நீக்க வந்ததுபோல், 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலார் 'எச்' எண்ணை முன்மொழிந்தார். ஒருவரின் 20 கட்டுரைகள் தலா 20 முறையேனும் மேற்கோள் பெற்றிருந்தால், அவர் எண் குறைந்தது 20. இந்தக் கணக்கில் லௌரியின் 1951ஆம் ஆண்டுக் கட்டுரை தன் பங்காக 1க்கு மேல் சேர்க்க முடியாது. ஒரே பொருளுக்கு ஒரு தராசு 3 லட்சம், இன்னொரு தராசு 1! ஆய்வுக்கூடத்தில் என் மாணவன் இப்படி அளந்து வந்தால், முதலில் கருவியைச் சோதிக்கச் சொல்வேன்.