கண்ணாடியும் செங்கல்லும்

பழைய கட்டிடமெல்லாம் அழகு, புதியதெல்லாம் அவலட்சணம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. மட்டமாகக் கட்டியவை எப்போதோ இடிந்து போயின. மிஞ்சியதை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டனார் காலத்தை மெச்சுகிறோம். அந்தச் சலுகை புதிய கட்டிடத்துக்குக் கிடையாது.

இருந்தும், சென்னை ஹைக்கோர்ட்டின் முன் நிற்கும்போது மனசில் ஏதோ ஒன்று நிறைகிறது. பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டிடங்களுக்கு முன் அது நிகழ்வதில்லை. இது வெறும் பழைமை மோகந்தானா?

1892ல் திறந்த ஹைக்கோர்ட்டைக் கலப்படம் என்று சொல்லலாம். மொகலாயக் குமிழ், வெள்ளைக்காரன் கணக்கு. சிஷோம் கட்டி 1879ல் முடித்த செனட் ஹவுஸும் அப்படியே. மொகலாயருக்கு நாங்களே வாரிசு என்று காட்டிக்கொள்ளும் ராஜதந்திரமும் அதில் உண்டு. இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு சங்கதி மிஞ்சுகிறது. சித்திரை வெயிலில் ஹைக்கோர்ட் தாழ்வாரத்தில் நின்று பாருங்கள். கனத்த சுவர், உயர்ந்த கூரை, வளைவுக்குப் பின் வளைவு. வெயில் உள்ளே வருவதற்குள் வராந்தாவிலேயே களைத்துவிடுகிறது. நிழலுக்காக வந்த வளைவே அலங்காரமாகவும் ஆகிவிட்டது. தனியாக ஒட்டவைத்த அழகல்ல. கட்சிக்காரனும் வக்கீல் குமாஸ்தாவும் ஒதுங்கி நிற்க அங்கே இடம் இருக்கிறது. அதன் கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் வேலை பார்த்தது. வழக்காடியவர்களுக்கு வெளிச்சம் கிடைத்ததோ இல்லையோ, கப்பல்காரர்களுக்குக் கிடைத்தது!

புதுமை மீது எனக்குப் பகையில்லை. 1959ல் திறந்த எல்.ஐ.ஸி.யின் 14 மாடிக் கட்டிடம் எனக்குப் பிடிக்கும். அது குமிழ் வைத்து வேஷம் கட்டவில்லை. வரிசை வரிசையாக ஜன்னல், அப்புறம் உயரம், அவ்வளவுதான். கிராமத்திலிருந்து வந்தவர்கள் அதை அண்ணாந்து பார்த்தார்கள். பட்டணம் என்றால் சினிமாக்காரர்கள் அதைத்தான் காட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தைக் குறைவாக மதிப்பது பண்டிதத்தனம்.

என் சண்டை கண்ணாடியோடுதான். குளிர் நாட்டில் கொஞ்ச நஞ்ச வெயிலை உள்ளே அழைத்துக்கொள்ள அது நல்ல உபாயம். வெயில் போதவில்லை என்று எவரும் புகார் சொல்லாத ஊரில் நாலு பக்கமும் கண்ணாடி எதற்கு? உள்ளே வந்த சூடு வெளியேற வழியில்லாமல் தவிக்கிறது. குளிர்சாதன யந்திரம் அதை வாங்கித் தெருவில் போகிறவன் தலைமேல் கொட்டுகிறது. மின்சாரம் நின்றால் அங்கே மூச்சு விட முடியாது. திண்ணையும் இல்லை, தாழ்வாரமும் இல்லை. மழைக்கு ஒதுங்கினால் காவல்காரர் வந்து விசாரிக்கிறார். அழகின்மை என்பதைவிட மரியாதையின்மை என்றே இதைச் சொல்லவேண்டும்.

இதற்கு நடுவே இருக்கிறதையும் இழக்கப் பார்க்கிறோம். அண்ணா சாலையில் 1897ல் எழுந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டிடத்தை, அதற்குச் சொந்தக்காரரான அதே எல்.ஐ.ஸி. 2006ல் இடிக்க ஆரம்பித்தது. கோர்ட்டு தடுத்தது, காப்பாற்றவேண்டும் என்று 2010ல் தீர்ப்பும் வந்தது. அதற்கப்புறமும் ஆண்டுக்கணக்கில் அது கூரை பெயர்ந்து, செடி முளைத்துக் கிடந்தது. இடிக்காதே என்றுதான் கோர்ட்டு சொல்ல முடியும். பழுது பார்க்க மனசு வேண்டும். சர்வகலாசாலையின் 150வது ஆண்டை ஒட்டிச் செனட் ஹவுஸுக்கு அந்த மனசு வந்தது. வண்ணமும் வடிவமும் மீண்டன. அங்கிருந்து அண்ணா சாலைக்கு வர வாலாஜா சாலை ஒன்றைத்தான் கடக்கவேண்டும்.