குற்றிழையும் வலம்புரியும்

மறைமலைநகரிலிருந்து மாமல்லபுரம் போகிறவர்கள் செங்கல்பட்டு தாண்டித் திருக்கழுக்குன்றம் வழியாகப் போவார்கள். அங்கே சங்கு தீர்த்தத்தில் 12 ஆண்டுக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கடற்கரைக்கு வந்துவிட்டாலோ கடைக்குக் கடை சங்குதான். கடைக்காரர் 'வலம்புரி' என்று ஒன்றை எடுத்து நீட்டினால், விலை கேட்பதற்கு முன் அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்பு தட்டுப்பட்டால் அது நம் கடல் சங்கு. வழவழவென்று இருந்தால் அமெரிக்கக் கரையிலிருந்து வந்த வேறொரு சங்கினத்தின் ஓடாக இருக்கும். அந்த இனத்தில் அப்படிச் சுழல்வதுதான் வழக்கம், அபூர்வம் ஒன்றுமில்லை. நம் சங்கில்தான் அது அபூர்வம்.

நாம் வலம்புரி என்று பூசைக்கு வைப்பதை விலங்கியல்காரர் இடச்சுழி என்பார். இரண்டும் சரிதான். அவர் சுருள்முனையை மேலே வைத்துப் பிடிக்கிறார், நாம் கீழே வைத்துப் பிடிக்கிறோம். இடம் வலம் என்பது பிடிக்கிற விதத்தைப் பொறுத்தது. கருவுக்கு அந்தப் பிடியைச் சொல்லிக்கொடுப்பது எது என்பதுதான் இங்கே விசாரணை.

இதயம் இடப்பக்கம், கல்லீரல் வலப்பக்கம். ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு மட்டும் உள்ளுறுப்புகள் மொத்தமும் கண்ணாடியில் பார்த்ததுபோல மாறியிருக்கும். கால் நூற்றாண்டாகப் பாடப்புத்தகங்கள் இதற்கெல்லாம் காரணமாகக் கைகாட்டுவது சிலியா என்கிற குற்றிழையை, அதாவது செல்லின் மேல் மயிர்போல் முளைக்கும் சில மைக்ரான் நீள நுண்ணிழையை. காட்டப்பட்ட சாட்சியம் இந்தத் தீர்ப்பைத் தாங்குமா?

சுண்டெலிக் கருவில் எட்டாம் நாள் வாக்கில் 'கணு' என்றொரு சிறு குழி தோன்றுகிறது. அதன் தளத்தில் இருநூறுக்கு மேற்பட்ட செல்கள், செல்லுக்கு ஒரு குற்றிழை. எல்லாம் ஒரே திசையில், நிமிடத்துக்குச் சுமார் 600 சுற்று சுழல்கின்றன. வட்டமாகச் சுழலும் இழை நீரை ஒரு பக்கமாக எப்படித் தள்ளும்? இழை நேராக நிற்பதில்லை, கருவின் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஒரு கயிற்றைச் சாய்த்துப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். தரையில் உரசும் பாதிச் சுற்றில் அதன் வேகம் செத்துவிடும், மேலே வீசும் பாதியில்தான் காற்று தள்ளப்படும். அப்படித்தான் குழிக்குள் இடப்பக்கமாக ஓர் ஓட்டம் உண்டாகிறது. அந்த ஓட்டத்தைக் கரையோரச் செல்கள் உணர்ந்துகொள்ள, இடப்பக்கத்து மரபணுக்கள் இடப்பக்கம் மட்டும் விழிக்கின்றன.

1976இல் ஸ்வீடனின் பியோர்ன் அஃப்ஸீலியஸ், விந்தணு நீந்தாத சில ஆண்களைப் பற்றி எழுதினார். அவர்களின் விந்தணு வாலில் டைனீன் என்ற விசைப்புரதத்தின் 'கைகள்' இல்லை. நுரையீரலில் சளியைத் தள்ளும் குற்றிழைகளும் முடங்கியிருந்தன. அப்படிப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு உள்ளுறுப்பு இடம் மாறியிருந்தது. எல்லோருக்கும் மாறியிருந்தால் 'குற்றிழை வலத்தை இடமாக்குகிறது' என்று கதை முடிந்திருக்கும். பாதி என்பதால்தான் சுவை. ஓட்டம் நின்றால் திசை தலைகீழாவதில்லை, பூவா தலையா ஆகிறது.

1998இல் ஜப்பானில் ஹிரோகவா குழு, குற்றிழையைக் கட்டத் தேவையான கேஐஎஃப்3பி மரபணுவை எலியில் முடக்கியது. குற்றிழை முளைக்கவில்லை, இடம் வலம் குழம்பியது. இதையே முடிந்த முடிவாகப் பலர் காட்டுவார்கள். எனக்கு அது போதவில்லை. அந்தப் புரதம் செல்லுக்குள் சரக்குச் சுமக்கும் கூலி, அதை எடுத்துவிட்டால் வேறு எது நின்றது என்று யார் கண்டது? வழக்கைத் தீர்த்தது 2002இல் நொனாகாவும் ஹமாதாவும் வெளியிட்ட சோதனை. எலிக்கருவை ஒரு சிறு அறைக்குள் வைத்து, பம்பால் வலப்பக்கமாக வேகமாகத் திரவத்தைச் செலுத்தினார்கள். நல்ல கருவிலேயே இடம் வலம் மாறியது. குற்றிழை அசையாத கருவிலோ, எந்தப் பக்கம் ஓடவிட்டார்களோ அந்தப் பக்கம் 'இடம்' ஆனது. மரபணு எதையும் தொடாமல் ஓட்டத்தை மட்டும் மாற்றி விளைவை மாற்றியதால், இதற்குமேல் குறுக்கு விசாரணைக்கு இடமில்லை.

மனிதக் கருவை அப்படிப் பம்பில் வைக்க முடியாது. ஆனால் இயற்கையே ஒரு சோதனை செய்து வைத்திருக்கிறது. நுரையீரல் குற்றிழையின் நடுவில் ஓர் இணை நுண்குழல் உண்டு, கணுவின் இழையில் அது கிடையாது. ஹைடின் போன்ற, அந்த நடு இணையைச் சார்ந்த மரபணுக்கள் பழுதானவர்களுக்குச் சளி நோய் முழுதாக வருகிறது, இதயம் மட்டும் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. எலிச் சோதனை எல்லாவற்றையும்விட எனக்கு இந்தச் சாட்சிமீதுதான் நம்பிக்கை.

ஓட்டத்தைக் கரைச்செல்கள் எப்படி உணர்கின்றன என்பதில் சச்சரவு நீண்டது. சமிக்ஞைப் பொருள் நிறைந்த சிறு பொட்டலங்கள் இடப்பக்கமாக அடித்துச் செல்லப்படுகின்றன என்றது 2005இன் ஓர் ஆய்வு. அசையாத குற்றிழைகள் வளைவதைத்தான் செல் உணர்கிறது என்றது மறுதரப்பு. 2016இல் மறுதரப்புக்குப் பலத்த அடி விழுந்தது: வளைத்தாலும் அந்த இழைகளில் கால்சியம் எழவில்லை என்று ஒரு குழு அறிவித்தது. 2023இல் எலியிலும் வரிக்குதிரை மீனிலும் இரு குழுக்கள் லேசர் ஒளியால் இழையைத் தனித்தனியே பிடித்து ஆட்டின. கால்சியம் எழுந்தது. குற்றிழை முடங்கிய மீன்கருவில் இப்படி ஆட்டியே இடம் வலத்தை வரவழைக்கவும் முடிந்தது. தராசு இப்போது விசையின் பக்கம் தாழ்ந்திருக்கிறது. ஆனால் விசை வேலை செய்கிறது என்று காட்டியது, பொட்டலம் வேலை செய்யவில்லை என்று காட்டியதாகாது.

பாடப்புத்தகம் வழுக்கி விழுவது வேறிடத்தில். 'உடலின் இடம் வலத்தின் மூலமே குற்றிழைதான்' என்று எழுதும்போது. கோழிக்கருவில் அப்படி ஓட்டமே கிடையாது. கணுவைச் சுற்றியுள்ள செல்களே இடப்பக்கமாக நகர்ந்து திசையை வைக்கின்றன என்று 2009இல் தெரிந்தது. பன்றியிலும் ஓட்டம் இல்லை. 2022இல் விலங்குகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டபோது, ஓட்டத்தோடு தொடர்புள்ள ஐந்து மரபணுக்கள் பறவை, ஊர்வன, மாடு, பன்றி, திமிங்கலக் கூட்டத்தில் தொலைந்தே போயிருந்தன. ஆனாலும் இவற்றின் கருவுக்கு இடம் வலம் தெரியாமல் போகவில்லை. நத்தைக்கு இன்னும் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. குளத்து நத்தையின் முட்டை நான்கு செல்லிலிருந்து எட்டாகும்போதே, செல்லின் உள் எலும்புக்கூட்டை முறுக்கும் ஃபார்மின் புரதம் சுழியைத் தீர்மானித்துவிடுகிறது. சங்கும் அந்த வயிற்றுக்காலிக் குலம்தான்.

ஆக என் தீர்ப்பு: மீன், தவளை, எலி, மனிதர் வரை ஓட்டமே திசையைச் சொல்கிறது, இதில் ஐயமில்லை. ஆனால் குற்றிழை வலமாகச் சுழல்வதற்கே காரணம் அதன் புரதங்கள் ஒருபக்கமாக முறுக்கிக் கட்டப்பட்டிருப்பது. அந்த முறுக்குத்தான் மூலம். குற்றிழை அதைக் கருவுக்குக் கொண்டுசேர்க்கும் வழிகளில் ஒன்று, நமக்கு வாய்த்த வழி.

இது ஆய்வுக்கூடத்துச் சண்டை மட்டுமல்ல. தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) கணக்கில் தமிழ்நாட்டில் சுமார் 28 விழுக்காடு திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை, இந்தியா முழுவதற்கும் அது 11. குற்றிழை நோய்களில் பெரும்பாலானவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வெளிப்படும். அக்காள் மகளையோ மாமன் மகளையோ கட்டும் குடும்பத்தில் அந்த வாய்ப்பு கூடுகிறது. மாலைக்கண், ஆறாம் விரல், உடல் பருமன் எல்லாம் ஒருசேர வரும் பார்டெட்-பீடில் நோயின் மரபணுக்களைச் சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் தேடியதும் இத்தகைய குடும்பங்களில்தான். அங்கே பழுது அசையாத குற்றிழையில்.

அசையும் இழையின் நோயைத்தான் நாம் தவறவிடுகிறோம். 1933இல் ஸூரிக் மருத்துவர் கார்டகனர் தொகுத்த மூன்று அறிகுறிகளில், இதயம் வலப்பக்கம் இருப்பதுதான் மாணவர் மனத்தில் ஆணியடித்ததுபோல் நிற்கிறது. பாதிப் பேருக்கு இதயம் சரியான பக்கத்தில்தான் இருக்கும் என்பது பின்வரிசைக்குப் போய்விடுகிறது. அந்தப் பாதிக் குழந்தைகள் ஆஸ்துமா என்றும், 'சளி உடம்பு' என்றும் ஆண்டுக்கணக்கில் மருந்து குடிக்கிறார்கள். படத்தில் இதயம் இடப்பக்கம் இருக்கிறதே என்று எக்ஸ்ரேயைக் கீழே வைக்கும் மருத்துவர், தாயிடம் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம்: பிறந்த முதல் நாளே மூச்சுக்குத் திணறி ஆக்ஸிஜன் வைத்தார்களா? அன்றிலிருந்து ஒரு மாதமாவது மூக்கொழுகாமல் இருந்ததுண்டா?