லெட்னெவ் பிடித்த கோள், ஹக்கான் பிடித்த வரிசை

பெங்களூரின் பொம்மசந்திராவில் போன ஞாயிற்றுக்கிழமை நடந்த ஆறு பேர் ஆட்டத்தின் கடைசிச் சுற்றில், லெட்னெவ் படை மனித குலத்தின் தாய்க்கோளான ஜார்டைப் பிடித்தது. எதிராளியின் தாய்மண்டலத்தில் ஒரு கோளையாவது கைக்கொண்டவருக்கு இரண்டு புள்ளி என்ற இலக்குச் சீட்டு மேசையில் திறந்தே கிடந்தது. லெட்னெவிடம் ஏற்கெனவே எட்டுப் புள்ளி. பத்தைத் தொட்டவர் வென்றார் என்பது விதி. ஆனால் புள்ளி எழுதும் நேரத்தில் லெட்னெவின் முறை வரவே இல்லை. அதற்கு முன்னாலேயே ஏழு புள்ளியில் இருந்த ஹக்கான் வணிகர்கள் பத்துக்குப் போய்விட்டார்கள்.

ஆட்டத்தின் பெயர் ‘ட்விலைட் இம்பீரியம்’. விண்வெளிப் பேரரசுகள் மோதும் மேசை ஆட்டம். கிறிஸ்டியன் பீட்டர்சன் வடிவமைத்து, அமெரிக்காவின் ஃபேன்டசி ஃப்ளைட் நிறுவனம் 1997இல் வெளியிட்டது. இப்போது கடைகளில் கிடைப்பது 2017இல் வந்த நான்காம் பதிப்பு. பீட்டர்சனோடு டேன் பெல்ட்ராமியும் கோரி கொனீச்காவும் சேர்ந்து செய்தது. அறுகோண அட்டைகளை அடுக்கி ஒரு விண்மீன் மண்டலத்தை உருவாக்க வேண்டும். நடுவில் மெக்கடால் ரெக்ஸ் என்ற பழைய தலைநகரம். சுற்றிலும் ஆளுக்கொரு இனம், ஆளுக்கொரு தாய்மண்டலம். ஆறு பேர் உட்கார்ந்தால் காலையில் தொடங்கியது பொழுது சாயும்போதுதான் முடியும். இவ்வளவு நேரம் கேட்கும் ஆட்டத்துக்குப் பொம்மசந்திராவில் ஆள் சேருவதற்கு மஞ்சள் தட மெட்ரோ ஒரு காரணம். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து இங்கே வரை 16 நிலையங்களோடு திறந்த தடம் அது. ஜயநகர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இனி ஓசூர் ரோட்டு நெரிசலுக்குப் பயந்து பாதி ஆட்டத்தில் எழுந்து போக வேண்டியதில்லை.

மூன்றாம் பதிப்பில் ஆடிப் பழகியவர்களுக்கு நான்காம் பதிப்பு மீது ஒரு மனக்குறை உண்டு. போர் குறைந்துவிட்டது, பேச்சு கூடிவிட்டது என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். இந்த ஆட்டத்தைக் காப்பாற்றியதே அந்த மாற்றம்தான் என்பது என் கணிப்பு.

பழைய பதிப்பின் கோளாறு ஒரே அட்டையில் இருந்தது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் எட்டு வியூக அட்டைகளிலிருந்து ஆளுக்கொன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் எட்டாம் எண் அட்டையான ‘இம்பீரியல்’ மூன்றாம் பதிப்பில் எடுத்தவருக்குச் சும்மாவே இரண்டு புள்ளி தந்தது. பத்துப் புள்ளி ஆட்டத்தில் இரண்டு என்பது ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே யார் எப்போது அதை எடுப்பது என்ற சுழற்சிதான் ஆட்டமாகவே இருந்தது. கப்பல் கட்டியதும் கோள் பிடித்ததும் அந்தச் சுழற்சிக்கு நடுவே பொழுதுபோக்காக நின்றன. 2006இல் வந்த ‘ஷாட்டர்ட் எம்பயர்’ விரிவாக்கம் மாற்று அட்டைகளைக் கொடுத்து இதற்கு வைத்தியம் பார்த்தது. நான்காம் பதிப்பு அதை வேரிலேயே சரிசெய்தது. இப்போது இம்பீரியலை எடுப்பவர், நிபந்தனை நிறைவேறியிருந்தால் பொது இலக்கு ஒன்றை உடனே புள்ளியாக்கலாம். மெக்கடால் ரெக்ஸ் அவர் வசம் இருந்தால் இன்னொரு புள்ளி. இல்லாவிட்டால் ஒரு ரகசிய இலக்குச் சீட்டு மட்டும்தான். உழைக்காதவருக்கு அந்த அட்டை புள்ளி தராது.

இன்னொரு மாற்றம் வணிகத்தில். முன்பு இரண்டு பேர் ஒப்பந்த அட்டையை மாற்றிக்கொண்டால் வருமானம் தானாக வந்துகொண்டிருக்கும். புதிய பதிப்பில் உங்கள் சரக்கு உங்களிடம் இருக்கும்வரை செல்லாக்காசு. பக்கத்து நாட்டுக்காரரின் கைக்கு மாறிய நொடியில்தான் அது செலவழிக்கக்கூடிய வணிகப் பொருளாகிறது. எனவே யாரும் யாரோடும் பேசாமல் பணக்காரராக முடியாது. நாளை தாக்கப் போகிறவரோடும் இன்று சரக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். மேசை ஆட்ட வடிவமைப்பில் இதைவிடச் சிக்கனமான, இதைவிடக் கூர்மையான விதியை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். லெட்னெவை ஆடியவர் ஜிகணியில் சிஎன்சி பட்டறை வைத்திருக்கிறவர். மேசையில் எல்லோருக்கும் ‘அண்ணன்’. மனிதர்களின் சோல் அணி, நாங்கள் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடும் ஒரு செவிலியரிடம். ஹக்கான், ஓசூரிலிருந்து வரும் கணக்கு டீச்சரிடம். தொழில்நுட்பத்தில் வல்ல ஜோல்-நார், எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம். சார், வின்னு இரண்டையும் ஆடியவர்கள் கடைசிவரை நாலைந்து புள்ளிக்குள்ளேயே இருந்துவிட்டதால் அவர்களை இங்கே அதிகம் பேசப் போவதில்லை.

முதல் நான்கு சுற்றுகளில் சிஸ்டரின் ஆட்டம்தான் கண்ணுக்கு அழகாக இருந்தது. மெக்கடால் ரெக்ஸில் முதலில் இறங்குகிறவர் ஆறு செல்வாக்குச் செலவழிக்க வேண்டும். பதிலுக்கு ஒரு புள்ளி கிடைக்கும். அதோடு விண்மீன் சபையும் கூடத் தொடங்கும். சிஸ்டர் மூன்றாம் சுற்றில் இறங்கினார். அதற்காக முதல் இரண்டு சுற்றுகளிலும் கப்பலை விட்டுச் செல்வாக்கு மிகுந்த கோள்களையே தேடிப் பிடித்தார். ஆனால் தலைநகரைக் காக்கப் படையை அங்கேயே நிறுத்தியதில் சொந்தக் கோளான ஜார்டில் ஒரு கேரியரும் இரண்டு டெஸ்ட்ராயரும் சில ஃபைட்டர்களும் மட்டுமே மிஞ்சின. அந்த ஓட்டையை அண்ணன் நான்காம் சுற்றிலேயே பார்த்துவிட்டார். தாய்மண்டலத்தைப் பிடிக்கும் இரண்டு புள்ளி இலக்கும் அந்தச் சுற்றின் முடிவில்தான் திறந்தது.

அண்ணன் ஆட்டத்தை இழந்தது ஐந்தாம் சுற்றில் என்பது என் வாதம். நான்கு டிரெட்நாட் அடங்கிய பெரும்படையை அவர் மேற்கே திருப்பி, சார் குலத்திடமிருந்து இரண்டு கோள்களைப் பிடுங்கினார். பகடை அவர் பக்கம் விழுந்தது, மேசையே கைதட்டியது. ஆனால் அந்தக் கோள்கள் எந்த இலக்குக்கும் உதவவில்லை. நல்ல விளைச்சல் உள்ள கோள்கள் என்பதுதான் அவர் சொன்ன காரணம். அவ்வளவு முன்னேறிய ஆட்டத்தில் விளைச்சலைப் பார்க்கக் கூடாது. படை ஜார்டிலிருந்து இரண்டு மண்டலம் தள்ளிப் போய் நின்றுவிட்டது. டிரெட்நாட் ஒரு நகர்வில் ஒரு மண்டலம்தான் தாண்டும். போன மண்டலத்தில் உங்கள் கட்டளை டோக்கன் விழுந்துவிட்டால் அந்தச் சுற்றில் அங்கிருந்து கப்பல் கிளம்ப முடியாது. அந்த டோக்கனைத் திரும்ப எடுத்து இன்னொரு முறை நகர வேண்டுமானால் ஆறாம் எண் அட்டையான ‘வார்ஃபேர்’ கையில் இருக்க வேண்டும். ஆக, அடுத்த சுற்றில் எந்த அட்டையை எடுப்பது என்ற சுதந்திரத்தை அண்ணன் ஐந்தாம் சுற்றிலேயே விற்றுவிட்டார்.

ஆறாம் சுற்று. லெட்னெவ் 8, சோல் 8, ஹக்கான் 7, ஜோல்-நார் 6. சபாநாயகர் ஜோல்-நார் தம்பி, எனவே முதல் அட்டை அவருக்கு. அவர் இம்பீரியலை எடுத்தார். அவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. ஆனால் சிஸ்டரிடம் மெக்கடால் இருந்தது, நிறைவேறியும் புள்ளியாக்காத பொது இலக்கு ஒன்றும் இருந்தது. அந்த அட்டை அவர் கைக்குப் போயிருந்தால் சுற்றின் நடுவிலேயே பத்து. தம்பி எடுத்தது மிகச் சரியான தற்காப்பு முடிவு.

அடுத்தவர் அண்ணன். யோசிக்காமல் வார்ஃபேர்.

மூன்றாவது டீச்சர். அவர் முதல் எண் அட்டையான, கட்டளை டோக்கன் தரும் ‘லீடர்ஷிப்’பை எடுத்தார். அவரிடம் ஏற்கெனவே டோக்கன் தாராளமாக இருந்ததால் மேசையில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சுற்றின் முடிவில் புள்ளி எழுதுவது அட்டை எண்ணின் வரிசையில்தான். ஒன்றாம் எண்காரர் முதலில் எழுதுவார், ஆறாம் எண்காரர் காத்திருப்பார். ஒவ்வொருவரும் ஒரு பொது இலக்கையும் ஒரு ரகசிய இலக்கையும் புள்ளியாக்கலாம். டீச்சரின் கணக்கு தெளிவாக இருந்தது. ஐந்தாம் சுற்றின் முடிவில் திறந்த இரண்டு புள்ளி இலக்கு பத்து வணிகப் பொருளைச் செலவழிக்கச் சொன்னது. தொழில்வகைக் கோள் நான்கை வைத்திருக்க வேண்டும் என்ற ரகசிய இலக்கு ஒரு புள்ளி. ஏழும் மூன்றும் பத்து.

ஹக்கானுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. எல்லை ஒட்டாதவரோடும் வணிகம் செய்யலாம். டீச்சர் மேசையைச் சுற்றி ஒவ்வொருவரிடமும் ஒன்றுக்கு ஒன்று சரக்கு மாற்றி எட்டுப் பொருள் சேர்த்துவிட்டார். இன்னும் இரண்டு தேவை. அப்போதுதான் சிஸ்டரின் முறை வந்தது. ஜார்டை நோக்கி லெட்னெவ் படை ஒரு மண்டலம் நெருங்கியிருந்தது.

“டீச்சர், சேதத்தைத் தடுக்கிற கார்டு உங்க கையில இருக்கா?”

“இருக்கு சிஸ்டர். ரெண்டு பொருள் குடுங்க, தர்றேன்.”

“ரெண்டா? ஒண்ணு வாங்கிக்கோங்களேன்.”

“அண்ணனோட கப்பலை எண்ணிப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

சிஸ்டர் இரண்டைக் கொடுத்தார். அதிரடிச் சீட்டுகளையும் விற்க முடிவது ஹக்கான் ஒருவரால்தான். அந்தச் சீட்டு போரின் முதல் சுற்றில் இரண்டு அடியைத் தடுத்தது. டிரெட்நாட்டுக்குப் பத்து முகப் பகடையில் ஐந்தோ அதற்கு மேலோ விழுந்தால் போதும், அதாவது பத்தில் ஆறு வாய்ப்பு. டெஸ்ட்ராயருக்குப் பத்தில் இரண்டுதான். அண்ணன் இரண்டு பொருளைச் செலவழித்துத் தவறிய பகடைகளை மறுபடி உருட்டினார், அது லெட்னெவுக்கு உரிய சலுகை. ஜார்ட் விழுந்தது. சொந்த மண்டலம் கைவிட்டுப் போனவர் பொது இலக்கைப் புள்ளியாக்க முடியாது என்பதால் சிஸ்டர் போட்டியிலிருந்தே விலகிவிட்டார். தற்காப்புக்கு அவர் கொடுத்த விலைதான் டீச்சரின் ஒன்பதாவது, பத்தாவது பொருள்.

லெட்னெவ் லீடர்ஷிப்பை எடுத்திருந்தால்? படை தள்ளி நின்றதால் ஜார்டை எட்டியிருக்க முடியாது. ஐந்தாம் சுற்றில் எல்லையிலேயே நின்றிருந்தால் வார்ஃபேர் தேவைப்பட்டிருக்காது. லீடர்ஷிப்போடு ஒரே நகர்வில் ஜார்ட், முதல் ஆளாகப் புள்ளி, வெற்றி. ஒரு சுற்று முன்னால் தவறிய ஒரு திசை. இப்படிப் பின்னோக்கிப் படித்துக் காரணம் கண்டுபிடிக்கக்கூடிய தோல்வியை மூன்றாம் பதிப்பு அரிதாகவே தந்தது.

மேசையில் எல்லோரும் கப்பல் அதிகம் உள்ளவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பொம்மசந்திரா வழியாகப் போகும் ஓசூர்ப் பாதைக்கு இந்தக் கதை புதிதில்லை. 1790இல் மராத்தியர்களும் ஹைதராபாத் நிஜாமும் கிழக்கிந்தியக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தது, தங்கள் எல்லையில் வலுத்து நின்ற திப்பு சுல்தானின் படையைக் கண்டுதான். 1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைக் கம்பெனிப் படையின் தலைவர் காரன்வாலிஸ் பிடித்தார். அதே ஆண்டில் ஓசூரும் கம்பெனியிடம் போனது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை திப்புவின் நாட்டில் பாதியைப் பறித்துக் கூட்டாளிகளுக்குப் பங்கிட்டது. மராத்தியர்களுக்கும் நிஜாமுக்கும் அன்று அது வெற்றி. ஆனால் 1798இல் நிஜாம் கம்பெனியின் துணைப்படை உடன்படிக்கைக்குள் போனார். 1818இல் பேஷ்வாவின் ஆட்சியே முடிந்தது. மூவரில் வணிகம் செய்ய வந்தவர் யார் என்று கூட்டாளிகள் கணக்குப் பார்க்கவில்லை. நம் மேசையிலும் ஐந்து பேர் டீச்சரோடு சரக்கு மாற்றினார்கள். அவர் எட்டுப் பொருளில் நின்றபோது அவருடைய பகடையை அல்ல, பையை எண்ணியிருக்க வேண்டும். ரகசிய இலக்கைத் தவிர எல்லாம் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே இருந்தது. கடைசி இரண்டு சுற்றுகளில் ஒவ்வொரு எதிராளிக்கும் ‘இப்போதுள்ள புள்ளி, இந்தச் சுற்றில் எட்டக்கூடியது, அட்டை எண்’ என்ற மூன்றையும் தாளில் எழுதிவைக்கும் பழக்கம் இல்லாத மேசையில் ஹக்கான் எப்போதும் இப்படித்தான் வெல்லும்.

நான்காம் பதிப்பில் எனக்கு உறுத்தும் விதி ஒன்று உண்டு. ‘அரியணைக்கு ஆதரவு’ என்ற வாக்குறுதிச் சீட்டு. ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும். அதை நீங்கள் யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவருக்கு ஒரு புள்ளி. உங்கள் படை இருக்கும் மண்டலத்தில் அவர் டோக்கன் வைத்தால் சீட்டு உங்களிடமே திரும்பிவிடும், புள்ளியும் போய்விடும். எழுதியவர்கள் நினைத்தது பெரிய அரசியல் பேரம். நடைமுறையில் நடப்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் சுற்றிலேயே சோலும் வின்னுவும் மாற்றிக்கொண்டார்கள். லெட்னெவும் ஜோல்-நாரும் மாற்றிக்கொண்டார்கள். ஹக்கானும் சாரும் மாற்றிக்கொண்டார்கள். ஆறு பேருக்கும் ஒரு புள்ளி கூடியது, மூன்று எல்லைகள் உறைந்தன. பேரம் என்று அங்கே எதுவும் நடக்கவில்லை. அண்ணன் மேற்கே சாரைத் தாக்கப் போனதற்கும் இது ஒரு காரணம். ஜோல்-நாரைத் தொட்டால் புள்ளி போகும் என்ற பயம் அவர் வரைபடத்தில் ஒரு பக்கத்தையே மூடிவிட்டது.

2020இல் வந்த ‘ப்ராஃபெசி ஆஃப் கிங்ஸ்’ விரிவாக்கம் ஏழு புதிய இனங்களையும் எட்டுப் பேர் ஆடும் வசதியையும் கொண்டுவந்தது. இந்தச் சீட்டை அது அப்படியே விட்டுவிட்டது. எனவே அடுத்த ஆட்டத்துக்கு எங்கள் மேசையில் ஒரு சொந்த விதி கேட்டிருக்கிறேன்: உங்களுக்கு ஆதரவுச் சீட்டு கொடுத்தவருக்கு உங்கள் சீட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அண்ணனும் தம்பியும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். டீச்சர் மறுக்கிறார். “நாலு புள்ளியில நிக்கிறவங்க அந்தச் சீட்டைக் குடுத்தா, முன்னாடி நிக்கிறவங்க பதிலுக்கு வேற என்ன தருவாங்க? அவங்களுக்கும் ஒரு புள்ளி கிடைக்கிற வழி இது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா சாயங்காலம் வரைக்கும் எதுக்கு உக்காரணும்?” என்கிறார். சார், வின்னு ஆடியவர்கள் இருவரும் டீச்சர் பக்கம். சிஸ்டர் இன்னும் முடிவு சொல்லவில்லை.