புனைவில் மந்திர நூல்கள்: நெய்யாற்றின்கரை – பாறசாலை எல்லையை முன்வைத்து

திகில் இலக்கியம் பேசும் மறைநூல்களுக்கு உண்மை மூலம் உண்டா என்னும் வினா பெரும்பாலும் நூற்பெயர் தேடுவதோடு நின்றுவிடுகிறது. அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1920களில் படைத்த ‘நெக்ரோனமிகான்’ முழுக் கற்பனை. 1977இல் அப்பெயராலேயே ஒரு நூல் அச்சேறியது. அங்குப் புனைவே நூலைத் தோற்றுவித்தது. தென்திருவிதாங்கூரின் நிலை இதற்கு மாறானது.

கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிஹ்யமாலை’ (1909–1934) கூறும் கடமற்றத்துக் கத்தனார் கதையில், திருவனந்தபுரத்திற்கும் பத்மநாபபுரத்திற்கும் இடைப்பட்ட வழியில் ஒரு யட்சி வழிப்போக்கரை மயக்கிக் கொல்கிறாள். நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் அவ்விரு நகரங்களுக்கு இடையே அமைந்தவை. ஆயினும் அவளை அடக்கிய கத்தனாரின் வித்தை மலையரையரிடம் கற்றது, ஏட்டில் கண்டெடுத்ததன்று. மந்திரவாதியின் கையில் மறைவான ஓலைச்சுவடியைக் கொடுப்பது பிற்காலத் திகில் கதைகளின் பொது மரபு.

மந்திர நூல்கள் இப்பகுதியில் இல்லாமல் இல்லை. ‘ஈசானசிவகுருதேவபத்ததி’யை த. கணபதி சாஸ்திரி திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் 1920–25இல் நான்கு பகுதிகளாகப் பதிப்பித்தார். அதன் மந்திரபாதம் நஞ்சு நீக்கல், கோள்–பேய்ப் பிணி தீர்த்தல் முதலியவற்றை முறையாக வகுத்துரைக்கிறது. அரசு ஆதரவில் அச்சிட்டு வெளிப்படையாக விற்கப்பட்ட நூலில் மறைவு ஏதுமில்லை.

எனில் மறைவுணர்வு எங்கிருந்து வந்தது? எழுத்து மாற்றம் ஒரு காரணம் எனலாம். வட்டெழுத்தும் மலையாண்மையும் வழக்கொழிந்தபின், நிலக்கணக்கு எழுதிய ஓலையும் பொதுமக்களுக்குப் புரியாத ஏடாயிற்று. படிக்க இயலாதது மந்திரமெனத் தோன்றுதல் இயல்பே. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்திற்கும், நெய்யாற்றின்கரை கேரளத்திற்கும் உரியவாயின. ஆட்சிமொழி வேறுபட, அவ்விடைவெளி மேலும் விரிந்தது.

மொழிபெயர்ப்பாளர் கருதற்பாலது இதுவே. மலையாளத்தில் ‘கிரந்தம்’ நூலைக் குறிக்கும் பொதுச்சொல். இன்றைய தமிழில் அது பெரிதும் ஒரு வரிவடிவத்தின் பெயர். ‘மந்திரகிரந்தம்’ என்பதை அவ்வாறே தமிழில் பெய்தால், மூலத்தில் இல்லாத பழமையும் அச்சமும் வந்து சேரும். ‘மந்திர நூல்’ என்பதே போதும். தமிழ்க் கதைகளில் பயிலும் ‘மலையாள மாந்திரீகம்’ என்னும் தொடரும் அத்தகையதே. இரு மொழியும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லையூர்களில் ‘மலையாளம்’ என்னும் அடை தொலைவையோ மருட்சியையோ உணர்த்தாது. அத்தொடரை மலையாளத்திற்குக் கொண்டுசெல்வோர் அடையை நீக்குதல் வேண்டும். இல்லையேல் அண்டை மொழியின் பெயரே அச்சத்தின் பெயராகிவிடும்.