இருட்டில் இளைப்பாறும் நிறங்கள்

ஜார்ஜ் டவுனில், பாடாங் கோத்தா லாமா கடலோரம் கண்கூசும் வெயில். பக்கத்திலேயே டேவான் ஸ்ரீ பினாங்கில் மாநிலக் கலைக்கூடம்.

கூச்சிங்கில் 1896இல் பிறந்து பினாங்கில் வேரூன்றிய ஓவியர் யோங் முன் சென், தென்னை, மீனவர், படகு என்று இந்த வெயிலைத்தான் நீர்வண்ணத்தில் பிடித்தார். நீர்வண்ணத்தில் வெள்ளை பெரும்பாலும் சாயமே அல்ல. தூரிகை தொடாமல் விட்ட தாள். வரையாத இடத்தில்தான் வெயில் அடிக்கிறது.

அந்த ஓவியத்துக்கு வெளிச்சமேதான் எமன். வெளிறிய சாயம் பிறகு இருட்டில் வைத்தாலும் திரும்பாது. அதனால் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சமே போதும் என்பது அருங்காட்சியக வழக்கம்; உச்சிவெயிலோ ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். சில மாதம் சுவரில், சில ஆண்டு இழுப்பறையில் என்று முறைவைத்து மாற்றுவார்கள்.

ஆகவே, கிடங்கில் இருப்பதெல்லாம் கைவிடப்பட்டவை அல்ல. ஆண்டு முழுதும் ஒதுங்கியிருந்து தைப்பூசத்துக்கு வீதிக்கு வரும் நம் வெள்ளி ரதத்தை யாராவது மறந்துபோன ரதம் என்பார்களா? காத்திருந்து பார்ப்பதில்தான் தரிசனத்தின் ருசி. பழைய நீர்வண்ணம் ஒன்று மறுபடி சுவரேறினால், மங்கிய விளக்கைக் குறை சொல்லாதீர்கள். கண் பழக ஒரு நிமிடம் நில்லுங்கள். தாளின் வெள்ளையில் வெயில் மெல்ல ஏறும்.