லைகேஸ்: விரிசலை மூடும் நொதி

டிஎன்ஏ நகலெடுப்பு என்றாலே புகழெல்லாம் பாலிமரேஸுக்குப் போய்விடுகிறது. எனக்குப் பிடித்த நொதி லைகேஸ்.

எதிரெதிர் திசையில் ஓடிப் பின்னிக்கிடக்கும் இரண்டு இழைகளை ஹெலிகேஸ் என்ற நொதி பிரித்துக்கொண்டே போகும். பாலிமரேஸால் ஒரு திசையில் மட்டுமே புது இழையை வளர்க்க முடியும். ஆகவே ஒரு பக்கம் தொடர்ச்சியாக வளர, மறுபக்கம் துண்டு துண்டாகத்தான் உருவாகிறது. இந்தத் துண்டுகளை 1960களில் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தவர்கள் ரெய்ஜி ஒகசாகியும் அவர் மனைவி ட்சுனேகோவும். பாக்டீரியாவில் ஒரு துண்டு ஆயிரம், இரண்டாயிரம் எழுத்து நீளம்; நம் செல்லிலோ சுமார் 200தான். ஒரே ஒரு மனித செல் இரண்டாகப் பிரிவதற்குள் கோடிக்கணக்கான ஒட்டுகள் வேண்டும்!

துண்டைத் தொடங்கிவைக்க அதன் முனையில் இருந்த ஆர்என்ஏ நீக்கப்பட்டு, அந்த இடமும் நிரப்பப்பட்ட பிறகு மிஞ்சுவது ஒரேயொரு பிணைப்பின் விரிசல். லைகேஸ் அங்கே டிஎன்ஏவை வளையமாகச் சுற்றிப் பிடிக்கிறது; நம் செல்லில், ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து விரிசலை மூடுகிறது. தழும்பு கிடையாது. எந்த இடத்தில் ஒட்டியது என்று பிறகு சொல்லவே முடியாது. இவ்வளவு சுத்தமான வேலையை வேறெங்கும் நான் கண்டதில்லை.

1967இல் கண்டறியப்பட்ட இந்த நொதி, பின்னர் ஆய்வுக்கூடக் கருவியாகவும் ஆனது. 1978இல் பாக்டீரியாவை மனித இன்சுலின் தயாரிக்க வைத்தபோது, அதற்கான மரபணுவை ஒட்டிச் சேர்த்ததும் லைகேஸ்தான்.