கீவ் 4ஏ: செய்தி வராத ஒரு கேமரா

உலகச் செய்தியைப் பார்ப்பதும் உலகைப் படம் எடுப்பதும் இன்று ஒரே திரையில் நடக்கின்றன. வெளிநாட்டுத் தெரு ஒன்றில் நிற்கும் பயணி, காசாவில் இடிந்த வீட்டைக் கைப்பேசியில் பார்க்கிறார். சூடானில் ஊரைவிட்டு ஓடும் மக்களைப் பார்க்கிறார். உக்ரைனில் விழுந்த ஏவுகணையைப் பற்றிப் படிக்கிறார். பிறகு விரலால் ஒரு தள்ளு தள்ளி, எதிரே நிற்கும் தேவாலயத்தை அதே கைப்பேசியில் படம் எடுக்கிறார். அந்தப் படமும் இடிந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே போய்ச் சேர்கிறது. இதில் இரண்டுமே நலிந்துபோகின்றன என்பது என் கருத்து. செய்தியைப் பாதியில் விட்டுப் படத்துக்குத் தாவுகிறோம். படம் எடுக்கும் ஊரைப் பாதி பார்த்ததும் செய்திக்குத் திரும்புகிறோம். போர்க்காலத்தில் பயணம் போகிறவர் படம் எடுக்கும் கருவியைச் செய்தி வாங்கும் கருவியிலிருந்து பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. அதற்குக் குறைந்த செலவில் கிடைக்கும் வழிகளில் ஒன்று, சோவியத் காலத்தில் கீவ் நகரில் செய்யப்பட்ட கீவ் 4ஏ என்ற 35 மி.மீ. பிலிம் கேமரா. அதைச் சோதிக்க ஜெர்மனியின் டிரெஸ்டனைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. இந்தக் கேமராவின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1936இல் டிரெஸ்டனின் ஸைஸ் ஐகான் நிறுவனம் கான்டாக்ஸ் 2 என்ற கேமராவை வெளியிட்டது. தூரம் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டரையும் காட்சியைப் பார்க்கும் வியூஃபைண்டரையும் ஒரே சாளரத்தில் சேர்த்துத் தந்த முதல் கேமரா அது. 1944 ஜூன் 6 அன்று புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் படம் எடுத்தது கான்டாக்ஸ் 2 கேமராவில்தான். ஜெர்மனியை வீழ்த்த இறங்கிய படையை ஜெர்மன் கருவி பதிவுசெய்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 13 முதல் 15 வரை பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் டிரெஸ்டன்மீது குண்டு வீசின. இறந்தவர்கள் 25,000 பேர் வரை இருக்கும் என்று அந்நகரம் அமைத்த வரலாற்றாளர் குழு 2010இல் அறிக்கை தந்தது. போர் முடிந்ததும் கான்டாக்ஸ் செய்யும் எந்திரங்களையும் உதிரிகளையும் சோவியத் ஒன்றியம் போர் இழப்பீடாக எடுத்துக்கொண்டது. முதலில் ஜெர்மனியின் யேனா நகரில் மறுபடி அமைக்கப்பட்ட அந்த உற்பத்தி, பிறகு கீவின் அர்செனல் ஆலைக்குப் போனது. 1950களின் பிற்பகுதியில் அங்கிருந்து கீவ் 4, கீவ் 4ஏ என்ற இரண்டும் வந்தன. முன்னதில் செலினியம் ஒளிமானி உண்டு, பின்னதில் இல்லை. மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். அர்செனல் ஆலையை ஒட்டியுள்ள அர்செனல்னா மெட்ரோ நிலையம் தரைக்குக் கீழே சுமார் 105 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா படையெடுத்த பிறகு குண்டுக்கு அஞ்சி மக்கள் தஞ்சம் புகுந்த நிலையங்களில் அதுவும் ஒன்று. குண்டு விழுந்த ஓர் ஊரிலிருந்து புறப்பட்ட தொழில், இன்று குண்டு விழும் வேறோர் ஊரில் நாற்பதாண்டு வாழ்ந்திருக்கிறது. கேமராவின் முகப்பில் இருக்கும் பெயரே அந்த ஊரின் பெயர்தான் என்பதால், இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செய்தியை மறந்துவிட முடியாது.

இனி கருவிக்கு வருவோம். கனமான உலோக உடல். பின்மூடியைத் திறக்க அடியில் உள்ள இரண்டு சாவிகளையும் திருப்பினால் மூடி முழுசாகக் கழன்று கையோடு வந்துவிடும். பிலிமைச் சுற்றும் உருளையும் தனியாக இருப்பதால் நின்றுகொண்டே ரோல் மாற்றுவது சிரமம். உட்கார இடம் தேட வேண்டும். மேலே உள்ள ஒரே குமிழில் மூன்று வேலைகள்: சுற்றினால் பிலிம் நகர்ந்து ஷட்டர் தயாராகும், தூக்கித் திருப்பினால் வேகம் மாறும், நடுவில் இருப்பது விசை. சுற்றிய பிறகே வேகத்தை மாற்றுவது ஷட்டருக்கு நல்லது. அந்த ஷட்டர் மெல்லிய பித்தளைப் பட்டைகளைக் கோத்துச் செய்தது. மேலும் கீழுமாக ஓடும். விசைக்கு முன்னால் ஒரு சிறு பற்சக்கரம் இருக்கிறது; நடுவிரலால் அதை உருட்டினால் குவியம் நகரும். ரேஞ்ச்ஃபைண்டரின் இரு கண்களுக்கும் இடையே 90 மி.மீ. இடைவெளி இருப்பதால் தூரக் கணிப்பு மிகத் துல்லியம். பிற்காலத்துப் பெயர்பெற்ற கேமராக்கள் பலவற்றில்கூட இவ்வளவு இடைவெளி இல்லை. ஆனால் இரண்டாவது கண், வலது கை விரல்கள் இயல்பாகப் போய் அமரும் இடத்திலேயே இருக்கிறது. விரலைத் தூக்கிப் பிடிக்கப் பழகும்வரை, பார்க்க வேண்டிய இரட்டை உருவம் திடீரென்று மறையும். வியூஃபைண்டர் சிறியது, சற்று மங்கலானது. படத்தின் எல்லைகளை அது உத்தேசமாகத்தான் காட்டும். ஜூபிட்டர்-8எம் லென்ஸ், ஸைஸின் சோனார் வடிவத்தைப் பின்பற்றியது. எஃப் 2இல் மென்மையாக இருக்கும், எஃப் 5.6க்கு வந்துவிட்டால் இன்றைய கண்ணுக்கும் குறை சொல்ல இடமில்லாத கூர்மை. குவியத்தைத் திருப்பும்போது லென்ஸும் சேர்ந்து சுழல்வதால் அபெர்ச்சர் எண்களைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒளிமானி இல்லாத குறை பலரும் பயப்படும் அளவுக்குப் பெரியதல்ல. இல்ஃபோர்ட் எஃப்பி4 பிலிமின் வேகம் 125. நல்ல வெயிலில் எஃப் 16, நொடியில் 125இல் ஒரு பங்கு. மேகம் மூடினால் எஃப் 8. அடர்ந்து மூடினால் எஃப் 5.6. இவ்வளவு போதும். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஓரளவு தவறைப் பொறுத்துக்கொள்ளும், ஒளி கூடினால் இன்னும் நன்றாகவே பொறுக்கும். டிரெஸ்டனின் ஃப்ரௌவென்கிர்கே தேவாலயம் இதற்குச் சரியான சோதனை. 1945 பிப்ரவரி 15 காலையில் அது சரிந்தது. கிழக்கு ஜெர்மனியின் காலம் முழுவதும் கல்குவியலாகவே கிடந்து, மறுபடி எழுப்பப்பட்டு 2005 அக்டோபரில் திறக்கப்பட்டது. உச்சியில் இருக்கும் பொற்சிலுவையைச் செய்தவர், அந்த ஊரின்மீது குண்டு வீசிய விமானிகளில் ஒருவரின் மகன். இடிபாட்டிலிருந்து எடுத்த கற்கள் கருமையாகவும் புதிய மணற்கற்கள் வெளிறியும் இருப்பதால் சுவர் முழுதும் திட்டுத்திட்டாகத் தெரியும். கைப்பேசி இந்தச் சுவரைப் பார்த்ததும் இருட்டைத் தூக்கி, வெளிச்சத்தை இறக்கி, பல படங்களைச் சேர்த்துச் சமன்செய்துவிடுகிறது. கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் பழைய கல்லும் புதிய கல்லும் தமக்குள் வைத்திருக்கும் தூரம் குறைந்துவிடும். எஃப்பி4இல் அந்தத் தூரம் அப்படியே நிற்கிறது. பிலிமும் ஒரு தேர்வுதான், மணற்கல்லின் மஞ்சளை அது தராது. என்றாலும், சமன்செய்வதா வேண்டாமா என்ற முடிவு எடுப்பவரிடமே இருக்கிறது.

அந்தக் கருமையைக் கண்டதும் எவருக்கும் தோன்றுவது தீ. அதில் தீக்குப் பங்கு உண்டுதான்; ஆனால் எல்பே ஆற்றங்கரை மணற்கல் வயதாக ஆகத் தானாகவே கறுக்கும் கல். நின்று பார்த்தால்தான் இந்தச் சந்தேகமே எழும். ரோலில் 36 படம், தூரம் பார்க்க வேண்டும், வெளிச்சம் கணிக்க வேண்டும், விரலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்ற நிலையில் மனிதர் அங்கே சற்று நேரம் நின்றே ஆகவேண்டும். நிற்கிற அந்த நேரத்தில் திரை எதுவும் வந்து குறுக்கிடுவதில்லை. இந்தக் கேமராவின் பயன் என்று நான் சொல்வது இதைத்தான்.

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு நியாயமானது: பிரித்து வைப்பதுதான் நோக்கம் என்றால் பிலிம் எதற்கு, ஒரு சாதாரண டிஜிட்டல் கேமரா போதாதா? பாதி போதும். அதில் செய்தி வராது. ஆனால் எடுத்த படத்தை உடனே பார்க்கத் திரை இருக்கும், பார்த்ததும் இன்னொன்று எடுக்கத் தோன்றும், மாலைக்குள் அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரமும் கூடவே வரும். திரையே இல்லாத டிஜிட்டல் கேமராக்களை லைக்கா செய்கிறது. அவற்றின் விலை பெரும்பாலோருக்கு எட்டாது. பிலிமில் தாமதம் கட்டாயமாக இருக்கிறது. ஊர் திரும்பி, ரோலைக் கழுவக் கொடுத்து, படம் கைக்கு வரும்போது தலைப்புச் செய்திகள் வேறு நாட்டுக்குப் போயிருக்கும். அன்று நடந்ததை மறுபடி நினைத்துப் பார்க்க வைக்கும் அந்த இடைவெளியைப் பலவீனமாக நான் எண்ணவில்லை. டிரெஸ்டனின் மிகப் புகழ்பெற்ற படத்தை ரிச்சர்ட் பீட்டர் எடுத்தது குண்டுவீச்சு நடந்த அன்று அல்ல, பல மாதங்கள் கழித்து, 1945இன் பிற்பகுதியில். நகராட்சிக் கோபுரத்தில் ஏறி, ஒரு கற்சிலையின் பின்னாலிருந்து கீழே எலும்புக்கூடாகக் கிடந்த நகரத்தை எடுத்தார். தாமதம் அந்தப் படத்தின் வலிமையைக் குறைத்துவிடவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கடுமையானது. உலகம் எரியும்போது மெதுவான கேமராவோடு அழகிய ஊரில் உலாவுவது முகத்தைத் திருப்பிக்கொள்வதல்லவா? போர்க்குற்றங்களை நிறுவ உதவுவதே கைப்பேசிக் காணொளிகள்தானே? ஆம். குண்டின் கீழ் இருப்பவருக்குக் கைப்பேசியே சரியான கருவி. பிலிமை அவரிடம் யாரும் பரிந்துரைக்கக் கூடாது. பிலிம்தான் உண்மை பேசும் என்றும் நான் சொல்லவில்லை. காப்பா 1936இல் ஸ்பெயினில் எடுத்த, சரிந்து விழும் போராளியின் படம் உண்மையில் எங்கே, எப்படி எடுக்கப்பட்டது என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அதுவும் பிலிமில் எடுத்ததுதான். நான் பேசுவது சாட்சியைப் பற்றி அல்ல, பயணியைப் பற்றி. பயணி காலையிலும் இரவிலும் செய்தியை உட்கார்ந்து முழுமையாகப் படிக்கட்டும். படத்துக்கும் படத்துக்கும் நடுவே கால் நிமிடம் எட்டிப்பார்ப்பதால் காசாவுக்கோ கார்கிவுக்கோ எந்த நன்மையும் இல்லை. ஒரு காலத்தில் தரைமட்டமாகி, மறுபடி கட்டப்பட்ட ஊரைப் பொறுமையாகப் பார்ப்பது போரைப் பற்றி யோசிப்பதற்கு ஒரு வழி. அது தானாகவே நல்ல வழியாகிவிடாது என்பதற்கும் டிரெஸ்டனே சான்று: போரைத் தொடங்கியது யார் என்பதை மறைத்துவிட்டு அந்த ஊரின் இடிபாட்டை மட்டும் காட்டும் அரசியல் கிழக்கு ஜெர்மனியிலும் நடந்தது, இன்றைய நவநாஜிகளாலும் நடக்கிறது. அவர்களுக்கு எதிராக ஒவ்வொரு பிப்ரவரி 13 அன்றும் ஊர்மக்கள் கைகோத்து நிற்கிறார்கள்.

செலவு பற்றிய எதிர்ப்பை மறுக்க என்னிடம் வாதமில்லை. கேமரா மலிவு, பிலிம் மலிவல்ல. ஊட்டியில் ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் செய்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடப்பட்டுவிட்டது. இன்று நமக்கு ஒவ்வொரு ரோலும் கடல் கடந்துதான் வர வேண்டும், கழுவித்தரும் லேபுகளும் சில ஊர்களில்தான் இருக்கின்றன. பயணத்தில் இன்னொரு தலைவலி, விமான நிலையங்களில் பரவிவரும் சிடி ஸ்கேனர். பழைய எக்ஸ்ரே இயந்திரம் மெதுவான பிலிமை அவ்வளவாகப் பாதிக்காது. சிடி ஸ்கேனர் பாதிக்கும், பிலிம் நிறுவனங்களே எச்சரிக்கின்றன. ரோல்களைக் கண்ணாடிபோன்ற பையில் போட்டு, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேட்க வேண்டும்; மறுத்தால் வேறு வழியில்லை. செக்-இன் பெட்டியில் மட்டும் வைக்கவே கூடாது. கேமரா வாங்கும்போது பார்க்க வேண்டியவையும் சில உண்டு. வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் அது செய்யப்பட்ட ஆண்டைக் காட்டும். 1960களில் வந்தவை பின்னால் வந்தவற்றைவிட நேர்த்தியானவை என்பது பரவலான கருத்து. பின்மூடியைக் கழற்றி, மெதுவான வேகங்களில் ஷட்டரை ஓட்டிப் பார்த்து, பட்டைகளை இழுக்கும் நாடாக்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். இவற்றைப் பழுதுபார்த்து விற்பவர்கள் உக்ரைனில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடமே வாங்கினால் கேமராவும் உறுதியாக இருக்கும், பணமும் போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

பிலிமுக்கு எதிராக உள்ள மிக வலுவான வாதம், நெகட்டிவ் ஒன்றே ஒன்றுதான் என்பது. ரிச்சர்ட் பீட்டர் அதுவரை எடுத்த படங்களின் சேகரம் பிப்ரவரி குண்டுவீச்சில் அழிந்தது. அவர் புதிதாகத் தொடங்கவேண்டி வந்தது. ஒற்றைப் பிரதிகள் எரிந்தால் என்ன ஆகும் என்பதை 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஓலைச்சுவடிகளை இழந்த தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே கழுவியதும் ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை வேறு வீட்டில், வேறு ஊரில் வைப்பது இந்தக் கேமராவைப் பயன்படுத்துவதன் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும். நெகட்டிவ் உறைமேல் ஊரையும் தேதியையும் எழுதும்போது, எந்தத் திசையிலிருந்து எடுத்தது, படத்தில் இருப்பது என்ன, அன்று காலை படித்த செய்தி எது என்பதையும் ஓரிரு வரியில் எழுதிவிடுங்கள். ரிச்சர்ட் பீட்டரின் படத்தில் இருக்கும் கற்சிலையைத் தேவதை என்று நினைப்பவர்கள் ஏராளம். அது நற்குணத்தைக் குறிக்கச் செதுக்கப்பட்ட பெண்ணுருவம்.